பிற்பகல் சவாரியும் இரண்டாம் ஷிப்டும்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வாசலில் பிற்பகல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கிற நேரத்தில், எதிர்த்திசையில் சில கார்கள் புறப்படுகின்றன. சனிக்கிழமையானால் இன்னும் சில கூடும். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரைக்குப் போகிற கார்கள் அவை. உள்ளே இருப்பவர்கள் மேலதிகாரிகளும், அவர்களைப் பார்க்கக் கடல் கடந்து வந்த விருந்தாளிகளும். எங்கே போகிறார்கள் தெரியுமா? மீன் பிடிக்கப் போகிறார்கள்!

சிரிக்க வேண்டாம், தோழர்களே. இது இப்போது ஒரு வியாபாரம். “வழிகாட்டியோடு கூடிய பிற்பகல் கரையோர மீன்பிடிப்பு” என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெயில் சற்றுத் தாழ்ந்ததும் படகில் ஏற வேண்டும். தொப்பி, மிதவைச் சட்டை, வெளிநாட்டுத் தூண்டில் எல்லாம் தயார். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே சுற்றிவிட்டு, ஒரு பாறை மீனோ சங்கராவோ சிக்கினால் அதைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ. பொழுது சாயும்போது கரை. பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். தலைக்கு இத்தனை ஆயிரம் என்று கணக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடலைப் பார்க்க வருகிறவன் மேல் நமக்குக் கோபம் கிடையாது. கடல் எல்லோருக்கும் பொது. மில்லில் பஞ்சுத் தூசியை விழுங்குகிறவனும், செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நாற்று நட்டு இடுப்பொடிந்தவளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் படகில் போக வேண்டும் என்றுதான் நாம் விரும்புகிறோம். நம் கேள்வி வேறு. அந்தப் படகை ஓட்டுகிறவன் யார்? அவன் எத்தனை மணிக்கு எழுந்தான்? அவன் கைக்கு என்ன வந்தது? கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது?

“வழிகாட்டி” என்கிறார்களே, அவன் கோவளம் குப்பத்து மீனவன். அல்லது அவனைப் போன்ற இன்னொரு குப்பத்துக்காரன். அவனுடைய நாள் எப்படி ஆரம்பிக்கிறது? ஊர் உறங்குகிற சாமத்தில். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று இருக்கும்போதே புறப்பட்டுவிட வேண்டும். அலையை உடைத்து வெளியே போய், நீரோட்டம் தெண்டியா வன்னியா என்று பார்த்து, வலையை விட்டு, காலையில் கரை சேர்ந்தால் அன்றைய பாடு என்னவென்று தெரியும். கவலையோ நெத்திலியோ கிடைத்ததை ஏலத்தில் போட்டுவிட்டு, பெண்கள் கூடையைத் தூக்கிச் சந்தைக்குப் போன பிறகு, வலையை உதறி, அறுந்த கண்ணை முடிந்து, ஒரு வாய்ச் சோறு தின்று மணலில் துண்டை விரித்துச் சாய்வானே, அந்த நேரம்தான் பிற்பகல்! அவன் உறங்குகிற நேரத்தைத்தான் இவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். கடற்காற்று ஏறி, கரையோர நீர் துள்ளுகிற நேரமும் அதுவே. எந்த மீனவனும் தன் இஷ்டத்துக்குத் தொழிலுக்குப் போக அந்த வேளையைத் தேர்ந்தெடுக்க மாட்டான்.

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராத்திரி ஷிப்டு முடித்தவனை, ஆள் குறைவு என்று சொல்லி, அப்படியே பகல் ஷிப்டிலும் நிறுத்துகிறார்கள் அல்லவா? கண் செருகும்போதுதான் விரல் மிஷினுக்குள் போகிறது. ஆனால் மில்லில் இரட்டை ஷிப்டுக்கு இரட்டைக் கூலி என்று கேட்கச் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. கடலில் பெயருக்குக்கூட ஒன்றும் இல்லை.

கூலி விஷயத்துக்கு வருவோம். கடல் தொழிலில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. பங்குதான். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கும் என்ஜினுக்கும் ஒரு பங்கு, மிச்சத்தில் ஆளுக்குக் கணக்கு. ஊருக்கு ஊர் கணக்கு மாறலாம். ஆனால் பாடு நன்றாக இருந்தால் வேலைக்குப் போனவனும் கூடுதலாகக் கொண்டுவருவான். இல்லையென்றால் எல்லோருக்கும் இல்லை. இதிலும் அநியாயம் உண்டு, மறைக்க மாட்டோம். என்றாலும் வலை இழுத்தவன் அங்கே ஒரு பங்காளி. பிற்பகல் சவாரியில் அவன் என்ன? தின கூலி! விருந்தாளி கட்டிய பணம் விடுதிக்காரனிடம் போகிறது, அவனிடமிருந்து ஏஜெண்டிடம், ஏஜெண்டிடமிருந்து படகுச் சொந்தக்காரனிடம். கடைசியில் சுக்கான் பிடித்தவன் கையில் டீசலுக்குப் போக ஏதோ ஒன்று. கடலின் பாறையும் பள்ளமும், எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன் நிற்கும் என்பதும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அவன் மூளையில் இருக்கிறது. அந்த அறிவைத்தான் விற்கிறார்கள். விற்ற பணத்தில் அவனுக்குப் பங்கில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் காண்டிராக்டர் கீழ் வேலை பார்க்கிற இளைஞனுக்கு இந்த ஏணி நன்றாகத் தெரியும். கம்பெனி ஒருவன், காண்டிராக்டர் ஒருவன், சப்-காண்டிராக்டர் ஒருவன், கடைசியில் இவன். 1996ல் அங்கே கார் ஆலைக்கு அஸ்திவாரம் போட்டபோது இப்பகுதி விவசாயக் கூலிகளுக்குச் சொன்னதையே இப்போது மீனவனுக்குச் சொல்கிறார்கள்: “புது வாழ்வு வருகிறது, பழைய தொழிலை விடு.” பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்து குவித்த ஆலை 2014ல் கதவைச் சாத்தியபோது அந்தப் புது வாழ்வு எங்கே போயிற்று என்று அங்கே வேலை பார்த்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி உயிர் விஷயம். 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள். 2023 மே 7. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, மாடி கட்டி, அளவுக்கு மீறி ஆளை ஏற்றி, பொழுது சாய்ந்த வேளையில் ஓட்டினார்கள். அங்கேயும் 22 பேர். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பணக்காரர்கள் அல்ல, மீனவக் குடும்பம்! விடுமுறை நாளில் பிள்ளைகளுக்குப் படகைக் காட்டப் போனவர்கள்.

மீன் பிடிக்கிற படகு மீனுக்காகக் கட்டியது. அதன் எடை வலையையும் மீனையும் கணக்கிட்டு அமைந்தது. கடலுக்குப் பழகிய நாலு பேர் எந்தப் பக்கம் எப்போது சாய வேண்டும் என்று தெரிந்து அதில் நிற்பார்கள். கடலை அறியாத பத்துப் பேர், ஒரு மீன் சிக்கியதும் ஒரே பக்கத்துக்கு ஓடினால் படகு என்ன செய்யும்? இது தெரியாத மீனவன் இல்லை. தெரிந்தும் ஏற்றுகிறான் என்றால், காலையில் பாடு இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கிறான். விபத்து நடந்தால் முதலில் தேடுவது அவனைத்தான். விளம்பரம் போட்டவன் அறிக்கை விடுவான்.

“மீனவனுக்கு உபரி வருமானம் வந்தால் உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?” என்று கேட்கிற கனவான்கள் உண்டு. உபரி எப்படி வேண்டியதாயிற்று, ஐயா? 1970-களில் கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் மோதல் நடந்து ரத்தம் சிந்திய பிறகுதான் 1983ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையோரத்தில் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது, அந்த நீர் சிறு தொழில் செய்கிறவனுக்கு என்று சட்டம் சொல்கிறது. அதை ஒழுங்காக அமல் செய்திருந்தால், அவன் காலைப் பாட்டிலேயே வயிறு நிறைந்து, பிற்பகலில் நிம்மதியாக உறங்குவான். சட்டத்தைத் தூங்கவிட்டு மீனவனை எழுப்புகிறார்கள்!

சர்க்கார் என்ன செய்கிறது? 2020ல் மத்திய சர்க்கார் 20,050 கோடி ரூபாய் என்று பறை அடித்து ஆரம்பித்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில், பொழுதுபோக்கு மீன்பிடிப்பை வளர்ப்பதும் ஒரு அம்சம். அதற்கு முன்பே, 2019 ஜனவரியில் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில், ஜனநெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டடமில்லாப் பகுதியை 50 மீட்டராகக் குறுக்கினார்கள். கோவளம் கடற்கரைக்கு 2021ல் நீலக்கொடி கிடைத்தது. சுத்தமாக இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் கரை சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் வலை காயக் கூடாது, மீன் காயக் கூடாது, படகு இழுத்து வைக்கக் கூடாது என்று நாளை ஒருவன் சொல்வானே! 2023 ஏப்ரலில் சென்னை நொச்சிக்குப்பத்தில், கார் போக இடைஞ்சல் என்று மீன் விற்கிற பெண்களின் கடைகளை அகற்றினார்கள். அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று. கரையில் மீன்காரிக்கு இடமில்லை, ஆனால் மீன் பிடித்து விளையாடுகிறவனுக்கு இடம் உண்டு.

நாம் சவாரியை நிறுத்தச் சொல்லவில்லை. அதை மீனவர் கூட்டுறவுச் சங்கம் நடத்தட்டும். விலையைச் சங்கம் வைக்கட்டும். விடுதிக்காரன் வேண்டுமானால் கமிஷன் வாங்கிக்கொள்ளட்டும். ஆள் ஏற்றும் படகு ஆள் ஏற்றுவதற்கென்றே சோதிக்கப்பட்டுப் பதிவாகட்டும். இரவு கடலுக்குப் போய் வந்தவன் அன்று பிற்பகல் சுக்கான் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கட்டும். மீன் பிடிக்கும்போது இறந்தால் கிடைக்கிற விபத்து இன்ஷூரன்ஸ், சவாரியின்போது இறந்தாலும் உண்டா என்று மீன்வளத் துறை எழுத்தில் சொல்லட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

சிப்காட் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. “குடும்ப தினம்” என்று சொல்லி உங்களையும் ஒரு நாள் கோவளத்துக்கு அழைத்துப் போகலாம். போங்கள். படகில் கால் வைக்கும் முன் சுக்கான் பிடிக்கிற அண்ணனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி தூங்கினீர்களா அண்ணே? இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம்? இதில் உங்களுக்கு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தயங்கினால், பக்கத்தில் நிற்கிற ஏஜெண்டைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி அதே கேள்வியைக் கேளுங்கள்.