மைதானம் இருக்கிறது, மத்திய மாகாணத்தின் மகளிர் அணி எங்கே?

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் வாரத்தை இந்நாட்டு மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்திருந்தது. அதே வாரத்தில்தான் கண்டி நகருக்கு அண்மையிலுள்ள பல்லேகலை சர்வதேச மைதானத்தில் இலங்கை, இந்திய மகளிர் அணிகள் ஜூலை 1, 4, 7 ஆகிய தினங்களில் மூன்று ஒருநாள் போட்டிகளில் மோதின. மூன்றிலும் இந்தியாவே வென்றது. இரண்டாவது போட்டியில் இலங்கை பெற்ற 173 ஓட்டங்களை இந்தியாவின் ஆரம்பத் துடுப்பாட்ட வீராங்கனைகள் இருவரும் ஆட்டமிழக்காமலேயே கடந்தனர். தொடர் முடிந்த இரண்டாம் நாள், ஜூலை 9ஆம் திகதி, கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தனர். நாட்டின் கவனம் முழுவதும் அங்கே குவிந்தது. பல்லேகலையில் நடந்தது எவரது நினைவிலும் பதியவில்லை.

நெருக்கடி மிகுந்த நாட்களில் விளையாட்டு பின்தள்ளப்படுவது இயல்பே. ஆனால் இலங்கை மகளிர் கிரிக்கெட்டைப் பொறுத்தவரை கவனிப்பாரற்ற நிலை என்பது அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் உரியதல்ல. கால் நூற்றாண்டுக்கு மேலாக அதன் வரலாறே அவ்வாறுதான் அமைந்திருக்கிறது.

இலங்கை மகளிர் அணி தனது முதலாவது ஒருநாள் சர்வதேசப் போட்டியை 1997ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நெதர்லாந்து அணிக்கெதிராகக் கொழும்பில் ஆடியது. ஆண்கள் அணி உலகக் கிண்ணத்தை வென்று ஒன்றரை ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது. அடுத்த மாதமே இந்தியாவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் பங்குபற்றி, கால் இறுதிவரை முன்னேறியது. 1998 ஏப்ரலில் கொழும்பு கோல்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் மகளிர் அணியுடன் டெஸ்ட் போட்டியொன்றில் ஆடி 309 ஓட்டங்களால் வெற்றி பெற்றது. இலங்கைப் பெண்கள் ஆடிய டெஸ்ட் போட்டி அது ஒன்றுதான். ஆடிய ஒரே டெஸ்டிலும் வென்ற ஓர் அணிக்கு, அதன்பின் இரண்டாவது டெஸ்டில் ஆடும் வாய்ப்பு கிட்டவே இல்லை.

2013ஆம் ஆண்டு மீண்டும் இந்திய மண்ணில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில், சஷிகலா சிறிவர்தனவின் தலைமையிலான அணி உலகை வியப்பில் ஆழ்த்தியது. நடப்புச் சம்பியனாக இருந்த இங்கிலாந்துக்கு எதிராக, இறுதிப் பந்தில் ஈஷானி லொக்குசூரியகே அடித்த ஆறு ஓட்டங்களால் ஒரு விக்கெட்டினால் வெற்றி கிடைத்தது. நான்கு நாட்களின் பின்னர் இந்தியாவை 138 ஓட்டங்களால் தோற்கடித்து, போட்டியை நடத்திய நாட்டையே தொடரிலிருந்து வெளியேற்றியது. அவ்வெற்றிகளைத் தொடர்ந்து இங்கே ஏதேனும் மாறியதா என்று கேட்டால், விடை மகிழ்ச்சிக்குரியதாக இல்லை. 2014இன் இறுதியில், அணியில் இடம்பெறுவதற்கும் நிலைத்திருப்பதற்கும் வீராங்கனைகளிடம் பாலியல் ரீதியான சலுகைகள் கோரப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, தொல்லைகள் இடம்பெற்றமைக்கான சான்றுகள் உள்ளதாக 2015இல் அறிவித்தது. மகளை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த பெற்றோருக்கு அச்செய்தி எத்தகைய தாக்கத்தை ஏற்படுத்தியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் மத்தியில் அணியைத் தாங்கிப்பிடித்தவர் குருநாகல் மாவட்டத்தின் கொகரெல்லவைச் சேர்ந்த சமரி அத்தபத்து. 2017இல் பிறிஸ்டலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை 257 ஓட்டங்களைப் பெற்றபோது, அவற்றில் 178 அவருடையவை. அப்போட்டியிலும் இலங்கை தோற்றது. 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் பொச்சஃப்ஸ்ட்றூமில் 302 என்ற இலக்கைத் துரத்தியபோது அவர் ஆட்டமிழக்காது 195 ஓட்டங்களைக் குவித்தார். இம்முறை அணி வென்றது. எனினும் இச்சாதனைகளுக்குப் பின்னாலுள்ள மற்றொரு கணக்கையும் நோக்க வேண்டும். 2024 ஓகஸ்ட் மாதத்தில் விஷ்மி குணரத்ன அயர்லாந்துக்கு எதிராகச் சதமடிக்கும்வரை, ஒருநாள் போட்டிகளில் இலங்கைப் பெண்கள் பெற்ற சதங்கள் யாவும் சமரி என்ற ஒருவரின் துடுப்பிலிருந்தே வந்தவை. அதுவரையான ஏறத்தாழ 27 ஆண்டுகளில் சதமடித்தவர் அவர் ஒருவரே. ஒரு நாட்டின் அணி ஒருவரின் தோள்களில் நிற்பது அவரது பெருமைக்குச் சான்று. ஆனால் அந்நாட்டின் கட்டமைப்புக்கு அது பெருமையல்ல.

2024 ஜூலை 28ஆம் திகதி, கண்டியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தம்புள்ளை மைதானத்தில், ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்று இலங்கை முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதற்கு முன்னர் ஐந்து தடவைகள் இந்தியாவுக்கு அடுத்ததாக இரண்டாமிடத்தையே பெற்றிருந்தது. அனுமதி இலவசமாக இருந்த அன்றைய தினம் மைதானம் மக்களால் நிறைந்தது. மகளிர் கிரிக்கெட்டைப் பார்க்க எவரும் வரமாட்டார்கள் என்ற பழைய வாதம் அன்றோடு காலாவதியானது.

இருந்தும் 2025இல் இந்தியாவும் இலங்கையும் நடத்திய மகளிர் உலகக் கிண்ணத்தில், இலங்கையில் இடம்பெற்ற எல்லாப் போட்டிகளும் கொழும்பு ஆர்.பிரேமதாச மைதானத்துக்கே ஒதுக்கப்பட்டன. மழைக்காலமான ஒக்டோபரில் அங்கே இலங்கையின் மூன்று போட்டிகள் முடிவின்றிப் போயின. இலங்கை பெற்ற ஒரேயொரு வெற்றி நவி மும்பாயில் பங்களாதேஷுக்கு எதிராகக் கிடைத்தது. பல்லேகலையும் தம்புள்ளையும் பார்வையாளர்களாகவே இருந்தன. கண்டியில் மழை பெய்யாது என எவரும் உறுதி கூற முடியாதுதான். ஆனால் உலகக் கிண்ணம் என்ற பெருநிகழ்வு வீட்டு வாசலுக்கு வந்தும், தலைநகருக்கு வெளியே வாழும் சிறுமிகள் அதனைத் தொலைக்காட்சியில் மட்டுமே காண நேர்ந்தது என்பதே இங்கு எழுப்பப்படும் ஆதங்கம்.

கண்டிக்குக் கிரிக்கெட் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதிபர் பிறேசரின் காலத்தில், திரித்துவக் கல்லூரி அஸ்கிரியவில் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி மைதானம் அமைத்தது. 1983இல் அங்கே டெஸ்ட் போட்டி நடைபெற்றது. 2007 டிசெம்பரில், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவரான முத்தையா முரளிதரன் தமது 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை அதே மைதானத்தில் வீழ்த்தி உலக சாதனை படைத்தார். மலைநாட்டில் சமதரை என்பது அரிய சொத்து. ஆண் பிள்ளைகளின் விளையாட்டுக்காக மலையையே வெட்டலாம் என்று நூறாண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலை தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் பலனைக் குமார் சங்கக்கார உட்படப் பல தலைமுறையினர் அனுபவித்தனர். பெண் பிள்ளைகளுக்காக அத்தகைய தீர்மானத்தை இம்மாவட்டத்தில் யார், எப்போது எடுத்தார்கள் என்பதே கேள்வி.

இந்தியாவின் அனுபவம் இவ்விடத்தில் பயன்தரக்கூடியது. 1973இல் அங்கு மகளிர் கிரிக்கெட் சங்கம் உருவான காலந்தொட்டு, பணமும் வசதியும் இல்லாதபோதிலும், மாநில அணிகள் என்ற படிநிலை இருந்துவந்தது. தமிழ்நாட்டு அணியில் ஆடிய சுதா ஷா இந்தியாவுக்காக 21 டெஸ்ட் போட்டிகளில் ஆடினார். பின்னர் தேசிய அணியின் பயிற்றுநராகவும் விளங்கினார். அதே மாநிலத்தின் திருஷ் காமினி, 2013 உலகக் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 ஓட்டங்களைப் பெற்று, உலகக் கிண்ணத்தில் சதமடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். ஊரிலுள்ள சிறுமிக்கு முதலில் கண்ணுக்குத் தெரிவது தேசிய அணியல்ல, தன் மாநிலத்தின் அணியே. மித்தாலி ராஜ் போன்றோருக்கு ரயில்வே திணைக்களம் தொழில் வழங்கியமையும் அந்நாட்டு மகளிர் கிரிக்கெட் நிலைத்து நின்றமைக்கு முக்கிய காரணமாகும்.

இலங்கையில் அவ்விடத்தை நிரப்பியவை முப்படைகளின் கழகங்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள் வீராங்கனைகளுக்குத் தொழிலும் சம்பளமும் பயிற்சியும் வழங்கியிராவிட்டால் இன்றைய தேசிய அணியே இருந்திருக்காது. அந்தப் பங்களிப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். கிரிக்கெட்டைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் பெண்ணுக்குத் திறந்திருக்கும் முதன்மையான கதவு படையில் சேர்வது என்றால், அக்கதவின் வழியே நுழையத் தயங்கும் சமூகங்களின் பெண்கள் வெளியிலேயே நின்றுவிடுவர். நீண்ட போரைக் கடந்துவந்த நாட்டில் தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர் தம் மகளைக் கிரிக்கெட் ஆடுவதற்காகச் சீருடை அணிய அனுப்புவர்? எவரும் திட்டமிட்டு ஒதுக்காமலேயே ஒதுக்கல் நிகழ்வது இவ்வாறுதான்.

மலையகத்தின் நிலை இன்னும் கடினமானது. தோட்டப்புறங்களில் கிரிக்கெட் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மென்பந்துப் போட்டிகள் நடைபெறாத தோட்டங்களைக் காண்பது அரிது. ஆனால் ஆடுபவர்கள் இளைஞர்கள். எல்லைக்கு வெளியே நிற்பவர்கள் பெண்கள். மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு மாறுவதற்கு காலுறை, கையுறை, தலைக்கவசம் முதலிய உபகரணங்கள் வேண்டும். சமதரை வேண்டும். தமிழில் பேசும் பயிற்றுநர் வேண்டும். மாலையில் பயிற்சி முடிந்தபின் பிள்ளை பாதுகாப்பாக வீடு திரும்ப வாகனம் வேண்டும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் மலைப்பாதையில் இருட்டில் நடக்க வேண்டியிருக்கும் என்ற ஒரேயொரு காரணத்துக்காகவே ஆட்டத்தைக் கைவிடும் சிறுமிகள் இருக்கக்கூடும். திறமையின் குறைவால் நிகழும் இழப்பல்ல அது.

செய்யவேண்டியவை பெருந்தொகைப் பணத்தைக் கோருபவை அல்ல. கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களையும் உள்ளடக்கி, ஆண்டுதோறும் ஆடும் நிரந்தர மத்திய மாகாண மகளிர் அணியொன்று உருவாக்கப்பட வேண்டும். அதற்குக் கீழே பத்தொன்பது, பதினேழு வயதுக்குட்பட்ட அணிகள் அமைய வேண்டும். தெரிவுக் குழுவில் பெண்களும் இரு மொழிகளையும் அறிந்தவர்களும் இடம்பெற வேண்டும். வீராங்கனைகளின் முறைப்பாடுகளைக் கேட்க, கிரிக்கெட் நிர்வாகத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பொறிமுறை அவசியம். 2015இன் பாடம் அதுவே. முன்னர் ஆண் வீரர்களுக்கு வர்த்தக நிறுவனங்கள் தொழில் வழங்கியதைப் போல, வங்கிகளும் மாகாண சபையும் பெருந்தோட்டக் கம்பனிகளும் வீராங்கனைகளுக்குச் சில பதவிகளை ஒதுக்க முன்வர வேண்டும். சர்வதேசப் போட்டிகள் இல்லாத நாட்களில் பல்லேகலை மைதானத்தின் பயிற்சித் தளங்கள் பாடசாலை மாணவிகளுக்குத் திறக்கப்பட வேண்டும்.

உலகம் இவ்விடயத்தில் வேகமாக முன்செல்கிறது. மகளிருக்கும் ஆடவருக்கும் சமமான பரிசுத்தொகை என்ற தீர்மானத்தைச் சர்வதேச கிரிக்கெட் பேரவை 2023 ஜூலையில் அறிவித்தது. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டியில் மகளிர் கிரிக்கெட்டும் இடம்பெறவுள்ளது. தம்புள்ளையில் கிண்ணம் வென்ற தலைமுறை என்றென்றும் ஆடிக்கொண்டிருக்கப்போவதில்லை. அடுத்த சமரி எந்த ஊரிலிருந்தும் வரலாம். கொகரெல்லவிலிருந்து ஒருவர் வர முடிந்ததென்றால், புசல்லாவையிலிருந்தோ மடுல்கலையிலிருந்தோ ஒருவர் ஏன் வர முடியாது? அப்படி ஒருத்தி இருப்பாளாயின், அவளைத் தேடிச்செல்ல வேண்டிய பொறுப்பு நிர்வாகிகளுடையது. மலையிலிருந்து இறங்கி வழி கேட்டு வருவது அவளது பொறுப்பல்ல.