எல்லா டப்பாவையும் எடுத்து வைக்கணுமா?

பெண்கள் பகுதியில் வரும் சிக்கனக் குறிப்புகளை ஒண்ணு விடாமல் படிக்கிறவள் நான். நல்ல குறிப்புகள் நிறைய வருது, மறுக்கலை. ஆனா, 'எதையும் தூக்கிப் போடாதீங்க' என்று எல்லாரும் ஒரே பாட்டாப் பாடுறதுதான் எனக்கு ஒத்துக்கலை. சில சாமானை வீட்டில வச்சுக்கிட்டா மிச்சமாகிறதை விட, ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிறதுதான் ஜாஸ்தியாகும்.

எங்க நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைச் சுத்தி நல்லா இடம் உண்டு. பலா, மா, முருங்கைன்னு ஏதாவது ஒரு மரம் நிக்கும். இடம் இருக்கிறதாலேயே உடைஞ்ச பக்கெட், பழைய டயர், பெயின்ட் டப்பா, கொட்டாங்குச்சி எல்லாம் கொல்லைப்பக்கம் சேர்ந்துடுது. 'செடி வைக்கலாம்' என்றுதான் எடுத்து வைக்கிறோம். செடி வச்சோமா? ஐப்பசி மழையில தண்ணிதான் நிக்குது.

டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போறதில்லை. இந்த மாதிரி தெளிஞ்ச தண்ணியிலதான் முட்டை வைக்கும். ஒரு கொட்டாங்குச்சித் தண்ணி போதும், ஒரு வாரம் பத்து நாளில கொசுவாகிப் பறந்துடும். தண்ணியைக் கொட்டிட்டா தீர்ந்ததுன்னு நினைக்காதீங்க. முட்டை பாத்திரத்தோட ஓரத்தில ஒட்டிக்கிட்டு, காய்ஞ்சாலும் மாசக்கணக்கில சாகாம இருந்து அடுத்த மழைக்குப் பொரியும். அதனால வாரம் ஒரு தடவை தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்ச்சுக் கவிழ்க்கணும். 2017-ல் தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவி, தெருத்தெருவா நிலவேம்புக் கஷாயம் குடுத்தது மறந்து போச்சா? செடிக்குன்னு எடுக்கிற டப்பாவுக்கு அன்னைக்கே ஆணியைச் சுட்டு அடியில நாலு ஓட்டை போட்டுடுங்க. எண்ணெய் கேனை வெட்டிச் செடி வைக்கிறதும் எனக்குப் பிடிக்கலை. நம்ம ஊர் வெயிலுக்கு அது பொடிப்பொடியா உதிர்ந்து மண்ணோட கலந்துடும். விரிசல் விட்ட மண்பானை எவ்வளவோ மேல்.

எனக்கு ரொம்பப் பயம் தர்றது வேற ஒண்ணு. தெருவில பினாயில், ஆசிட் விக்க வந்தா, காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத்தான் நீட்டுறோம். மூணு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? கலரைப் பார்த்ததும் வாயில வச்சுடும். அப்படி ஆனா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது வெந்த தொண்டை, ஏறும்போது இன்னொரு தடவை வேகும். பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பூச்சி மருந்து டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் தண்ணி மொள்ளவோ, அரிசி போடவோ ஆகாது. பாத்ரூம் கறைக்கு பிளீச்சிங் பவுடரோட ஆசிட்டோ வினிகரோ கலக்கச் சொல்றாங்க. அதிலேர்ந்து குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும். வடை, பஜ்ஜியை நியூஸ் பேப்பரில பிழியறதையும் விட்டுடுங்க. அச்சு மையில உடம்புக்குக் கெடுதல் இருக்குன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிடுச்சு.

அப்போ எதைத்தான் வச்சுக்கறது? ஏகப்பட்டது இருக்கு. பலா, மா சருகைக் கூட்டிக் கொளுத்துற வீடுகளைப் பார்த்தா வயிறு எரியுது. ரெண்டு அடி குழி தோண்டி, சருகு ஒரு அடுக்கு, காய்கறித் தோல் ஒரு அடுக்கு, மேலே சாணி கரைச்ச தண்ணி, மண் என்று மாத்தி மாத்திப் போட்டுட்டு வாங்க. பலா இலை தடிப்பு, கொஞ்சம் நாள் எடுக்கும், ஆனா மக்கும். புளிச்ச மோரைத் தண்ணி விட்டுக் கறிவேப்பிலைக்கு ஊத்துங்க. பலாக்கொட்டையைக் கழுவி நிழல்ல உலர்த்தி, செம்மண் குழைச்சுப் பூசி வச்சா மாசக்கணக்கில கெடாது. ஆடி வரைக்கும் சாம்பாருக்குக் காய் கவலை இல்லை. பழைய வேட்டி வடாம் பிழிய, நூல் புடவை கால்மிதி பின்ன. பேன்ட் காலை வெட்டி அடி தைச்சா அஞ்சு கிலோ அரிசி தாங்குற பை.

பை என்றதும் ஞாபகம் வருது. 2019 ஜனவரி 1-லேர்ந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம், எல்லாம் சரி. கல்யாணத் தாம்பூலப் பையே வீட்டுக்கு முப்பது கிடக்கும்போது, கடையில புதுத் துணிப்பையை ஏன் காசு குடுத்து வாங்கணும்? என் வீட்டுக்காரர் பையை மறந்துட்டுப் போயே நாலு வாங்கிட்டார்!

இன்னொண்ணு. குவார்ட்டர்ஸ் நமக்குச் சொந்தமில்லை, ரிட்டயர் ஆனா காலி பண்ணியே ஆகணும். சாமான் ஏத்துற அன்னைக்குப் பாருங்க, பரணிலிருந்து இறங்குற டப்பாவே அரை லாரி வரும். அதில பாதியைப் பழைய சாமான் கடைக்காரர்கூட வேண்டாம்னுடுவார். வருஷா வருஷம் மார்கழியிலேயே பரணை இறக்கிடுங்க. ஒரு வருஷமா கை படாததை வேணுங்கிறவங்களுக்குக் குடுங்க, மிச்சத்தைக் கடைக்குப் போடுங்க. டயரையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் போகிக்குக் கொளுத்திடாதீங்க. பக்கத்து வீட்டிலயும் கைக்குழந்தை இருக்கும்.

- ஒரு வாசகி, நெய்வேலி.