ஆப்பு வைக்காத ஆப்பும் அம்மாவோட மஞ்சப் பையும்

டிஸ்கி: இது ஆப் விமர்சனம் இல்லை. எந்தக் கடை பேரும் சொல்லப் போறதில்லை. கணக்கு பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம் :)

பொட்டி தட்டுறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் எக்ஸெல் ஷீட் போடத் தோணும். போன வருஷம் எங்க வீட்டு மளிகைக்கு அப்படி ஒண்ணு ஆரம்பிச்சேன். கொடுங்கையூர், முத்தமிழ் நகர் பக்கம் வீடு. அப்பா, அம்மா, பாட்டி, தங்கச்சி, நான்னு அஞ்சு பேர். அதுவரைக்கும் மாசம் சுமார் 8,900 ரூபாய் ஆயிட்டிருந்தது. பாதி தெருமுனை அண்ணாச்சி கடை, மீதி ரேஷன், மார்க்கெட்.

"ஏம்மா இந்தக் காலத்துலயும் மஞ்சப் பையைத் தூக்கிட்டு அலையற, நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு ரெண்டு மளிகை ஆப்பை இறக்கினேன். முதல் மாச பில்லோட அடியில பச்சைக் கலர்ல "நீங்கள் சேமித்தது ரூ.1,140". எனக்கு ஒரே பெருமை. அம்மாகிட்ட காட்டினேன். அவங்க அந்தப் பச்சையைப் பார்க்கவே இல்லை. மொத்தம் எவ்ளோன்னு மட்டும் கேட்டாங்க. 10,350.

"ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் புடிச்சேன்ற, ஆனா ஆயிரத்து நானூறு ரூபா கூடப் போயிருக்கே ராசா?"

பி.இ. படிச்ச எனக்கு அதுக்குப் பதில் இல்லை.

உட்கார்ந்து பில்லைப் பிரிச்சுப் பார்த்தப்பதான் புரிஞ்சது. அந்த 1,140 எம்.ஆர்.பி.ல இருந்து கழிச்ச கணக்கு. எம்.ஆர்.பி.ங்கறது சட்டப்படி அதுக்கு மேல விக்கக் கூடாதுங்கற உச்சவரம்பு, அவ்வளவுதான். அந்த விலைக்கு எங்கம்மா என்னைக்கு வாங்கினாங்க? அண்ணாச்சியே குறைச்சுதான் தருவார். நாம கொடுக்கவே போகாத விலையில இருந்து கழிச்சுட்டு 'சேமிப்பு'ன்னு சொன்னா, நான் கார் வாங்காம மாசம் 20,000 சேமிக்கறேன்னு சொல்ற மாதிரிதான்.

அடுத்தது 'இன்னும் 140 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்'. முப்பது ரூபாயை மிச்சம் பிடிக்க 140 ரூபாய்க்கு பிஸ்கட் வாங்கின அறிவாளி நான்தான். இந்த மாதிரி தள்ளிவிடுற வேலைக்கெல்லாம் 'டார்க் பேட்டர்ன்'னு பேர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல 13 வகையைப் பட்டியல் போட்டுத் தடுக்கும் வழிகாட்டு விதிகள் கொண்டு வந்துச்சு. நமக்குத் தெரியாம கூடைக்குள்ள பொருளைச் சேர்க்கறது, சும்மா 'இன்னும் 5 நிமிஷம்தான்'னு அவசரப்படுத்தறது, கடைசிப் பக்கத்துல மட்டும் புதுக் கட்டணத்தைக் காட்டறது எல்லாம் அதுல வருது. ஏமாந்தா 1915-க்குப் போன் போட்டுச் சொல்லலாம். ஆனா அந்த 140 ரூபாய் பிஸ்கட் பட்டியல்ல இல்லை. அது என் வாய், என் பொறுப்பு.

நிற்க. ஆப்பே வேஸ்ட்னு சொல்ல வரலை. மூணாவது மாசத்துல இருந்து அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு முறை வெச்சோம்.

முதல்ல ரேஷன். இதைச் சொல்றதுக்கு முன்னாடி வெட்கப்பட்டிருக்கேன், ஒத்துக்கறேன். "சாப்ட்வேர்ல இருக்கறவன் வீட்ல ரேஷன் பருப்பா"ன்னு ஒரு வறட்டு கௌரவம். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வெளியில ரெண்டையும் வாங்கினா ஏறக்குறைய 200 ரூபாய் கூட ஆகும். எந்த ஆப் இவ்ளோ தள்ளுபடி தருது, சொல்லுங்க? 2017-ல ஸ்மார்ட் கார்டு வந்தப்புறம் என்ன வாங்கினோம்னு மெசேஜே வந்துடுது. அந்தக் கியூவுல நின்னுதான் எங்கம்மா என்னைப் படிக்க வெச்சாங்கங்கறது எனக்கு லேட்டா உறைச்சது.

ரெண்டாவது, லிஸ்ட் போன்ல போடக் கூடாது. அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துப் பேப்பர்ல எழுதுவாங்க. அதுல இல்லாதது கூடையில ஏறாது.

மூணாவது, தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காம கிராம் கணக்கைப் பார்க்கறது. துணி சோப்புத்தூள் ஒரு கிலோ 68, மூணு கிலோ 'ஆஃபர்' பாக்கெட் 219. கிலோவுக்கு 73! பெரிசு வாங்கினா லாபம்னு யார் சொன்னா? எண்ணெய்லயும் அதே கதை. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். அதைவிடக் குறைஞ்ச பாக்கெட்டும் பக்கத்துல அதே சைஸ்ல சிரிச்சுட்டு நிக்கும். இப்பல்லாம் பாக்கெட்லயே அலகு விலை அச்சடிக்கணும்னு விதி இருக்கு. கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க.

நாலாவது, டெலிவரி வேணாம், நானே போய் எடுத்துக்கறது. ஓ.எம்.ஆர்.ல ஆணி புடுங்கிட்டு வியாசர்பாடி வழியா வர்றப்ப கடையில பையை வாங்கி பைக்ல மாட்டிக்கறேன். டெலிவரிக் காசு இல்லை, 'இன்னும் 140'ம் இல்லை. முக்கியமா, கடைக்குள்ள நடக்கறது இல்லை. நடந்தா கண்ணுல படறதெல்லாம் வாங்குவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

இப்போ மாசம் 7,900 பக்கம் நிக்குது. பழைய கணக்குல இருந்து 1,000 ரூபாய் குறைவு. நிஜமான ஆயிரம். பச்சைக் கலர் ஆயிரம் இல்லை.

இனிமேதான் மேட்டர். "எல்லாத்தையும் ஆப்லயே போட்டா இன்னும் முந்நூறு குறையும்"னு நான் சொன்னப்ப அம்மா ஒத்துக்கலை. அரிசி, வெல்லம், மிளகாய், புளி அண்ணாச்சிகிட்டதான்னுட்டாங்க. எனக்கு எரிச்சல்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி, கரண்ட் இல்லை. கிடைச்ச கொஞ்சம் சிக்னல்ல ஆப்பைத் திறந்தா, 'உங்கள் பகுதியில் சேவை இல்லை'. அண்ணாச்சி பாதி ஷட்டரைத் தூக்கி, மெழுகுவத்தி வெளிச்சத்துல பால் பவுடரும் பிரெட்டும் கொடுத்தார். ஜிபே வேலை செய்யலை, கையில காசும் இல்லை. "எழுதிக்கறேன் தம்பி, போ"ன்னார். அதே நோட்டுலதான் 2020 ஊரடங்குல அப்பாவுக்கு வேலை இல்லாத மூணு மாசமும் இருக்கு.

இங்கிலாந்துல ராச்டேல்ங்கற ஊர்ல 1844-ல 28 தொழிலாளிங்க சேர்ந்து ஒரு மளிகைக் கடை போட்டாங்க. கலப்படம் இல்லாத மாவு, சரியான எடை, லாபத்தை அவங்கவங்க வாங்கின அளவுக்குப் பிரிச்சுத் திருப்பிக் கொடுக்கறது. அசல் கேஷ்பேக் அதுதான்! நம்ம ஊர்ல 1904-லயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம் வந்தாச்சு. அதாவது, மளிகையில மிச்சம் பிடிக்கறது புதுசு இல்லை. மிச்சம் யார் கைக்குப் போகுதுங்கறதுதான் எப்பவும் கேள்வி.

அந்த முந்நூறு ரூபாயை நான் இப்போ எக்ஸெல்ல 'இன்சூரன்ஸ்'னு ஒரு வரி போட்டு எழுதி வெச்சிருக்கேன். அம்மாகிட்ட காட்டினேன்.

"அதுக்குப் பேரு இன்சூரன்ஸ் இல்லடா, நன்றி"ன்னாங்க.

மாத்திட்டேன். உங்க வீட்டு ஷீட்ல அந்த வரி இருக்கா மக்களே?