‘ஆபத்தான நாய்’ என்று தீர்மானிப்பது யார்?

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை நேரம் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, என்னிடம் பொருளியல் படித்து, இப்போது வேறொரு மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருப்பவர். “ஐயா, எங்கள் வீட்டு நாயை ஏழு நாளுக்குள் நகர எல்லையைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன பதில் எழுதுவது?” என்று கேட்டார். முப்பத்துமூன்று ஆண்டுகள் வகுப்பெடுத்த எனக்கு எந்த மாணவரிடமிருந்தும் இப்படியொரு கேள்வி வந்ததில்லை.

நடந்தது இதுதான். அந்த வீட்டில் எட்டு வயது ராஜபாளையம் நாய் ஒன்று இருக்கிறது. தூய வெள்ளை நிறம். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாமை அரிதன்று, இதற்கும் அப்படியே. ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் அது உறங்கிக்கொண்டிருந்தது. வாயிற்கதவு திறந்து கிடந்தது. உள்ளே விழுந்த பந்தை எடுக்க ஓடிவந்த பக்கத்துத் தெருச் சிறுவன் அதன் வாலை மிதித்துவிட்டான். கெண்டைக்காலில் இரண்டு பற்கள் பதிந்தன. மாணவரே சிறுவனை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அடுத்தடுத்த தடுப்பூசித் தவணைகளுக்கும் அவரே அழைத்துச் சென்றார். சிறுவனின் தாய் உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுத்தார். கொடுத்தது முற்றிலும் நியாயம்.

பத்து நாள் கழித்து வந்த நோட்டீஸின் நகலை நான் பார்த்தேன். ஐந்து வரி. பொருள் என்ற இடத்தில் ‘ஆபத்தான நாய்’ என்று இருந்தது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பது இல்லை. சம்பவம் எந்தத் தேதியில், எப்படி நடந்தது என்பது இல்லை. கால்நடை மருத்துவர் பார்த்தாரா என்பது இல்லை. நாயின் உரிமையாளர் தம் தரப்பைச் சொல்ல ஒரு நாளோ, மேல்முறையீட்டுக்கு ஓர் அதிகாரியின் பெயரோ இல்லை. மாணவரைப் பார்க்கச் சென்றபோது அந்தத் தாயையும் சந்தித்தேன். அவர் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்: “நாயை ஊரைவிட்டு அனுப்பணும்னு நான் கேக்கல சார். கதவைச் சாத்தி வைங்கன்னுதான் எழுதிக் கொடுத்தேன்.” கேட்டது ஒரு தாழ்ப்பாள்; கொடுக்கப்பட்டது நாடு கடத்தல்.

இது ஒரு வீட்டுக் கதை என்று விட்டுவிடலாம். ஆனால், கடந்த இரண்டு ஆண்டுகளில் நாய்களைப் பற்றி அரசுகள் எடுத்த முடிவுகளைக் கோத்துப் பார்த்தால் இந்த ஐந்து வரி நோட்டீஸ் எங்கிருந்து பிறந்தது என்பது விளங்கும்.

2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், அந்தப் பூங்காவின் காவலாளியுடைய ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. வாய்ப்பூட்டு இல்லை, சங்கிலி இல்லை. குழந்தை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகே மீண்டாள். அந்தக் குழந்தைக்குப் பூங்காதான் வீடு, பூங்காதான் முற்றம். நாயின் உரிமையைப் பற்றி எழுத உட்காரும் எவரும் முதலில் அவளை நினைத்துக்கொள்ள வேண்டும். நானும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவளுக்கு நேர்ந்தது மீண்டும் ஒரு குழந்தைக்கு நேரக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எப்படித் தடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறோம்.

அந்தச் சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பே, 2024 மார்ச் 12 அன்று மத்தியக் கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்குத் தடை; ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை. பட்டியலைப் படித்தபோது, ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்திய பழக்கத்தில் சிவப்பு மையைத் தேடினேன். ‘டோசா இனு’ என்று ஓரிடத்தில். ‘ஜப்பானிய டோசா’ என்று இன்னோர் இடத்தில். இரண்டும் ஒரே நாய். ‘டெரியர்கள்’ என்று பொதுவாக ஒரு சொல். மடியில் வைத்துக் கொஞ்சும் யார்க்‌ஷயர் டெரியரும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். உயிர்களைப் பற்றிய ஆணை ஒன்று இவ்வளவு அலட்சியமாகவா எழுதப்படுவது?

கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே, ஏப்ரல் 10 அன்று, அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பாதிக்கப்படுவோரையும் துறை சார்ந்தோரையும் கலந்தாலோசிக்காமல் இப்படிச் செய்ய முடியாது என்பது அதன் சாரம். உரிய நடைமுறையைப் பின்பற்றி விதிகளைத் திருத்துவதற்கு அரசுக்குத் தடையில்லை என்பதையும் நீதிமன்றம் தெளிவாக்கியது. தில்லி உயர் நீதிமன்றமும் அதே மாதம் அதே பாதையில் சென்றது. இதற்குப் பிறகும், சென்னைச் சம்பவத்தின் பரபரப்பில், நம் மாநிலக் கால்நடைப் பராமரிப்புத் துறை 23 இனங்களுக்குத் தடை என அறிவித்து, அறிவித்த வேகத்திலேயே திரும்பப் பெற்றது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பட்டியலைச் சுருக்கியது. பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கு மட்டும் இனிப் புதிய உரிமம் இல்லை. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

சென்னையின் முடிவை நான் முழுதாக எதிர்க்கவில்லை என்று சொன்னால் விலங்கு நல ஆர்வலர்கள் கோபிப்பார்கள். எல்லா நாயும் கடிக்கும். ஆனால் எல்லாக் கடியும் ஒன்றல்ல. தாடை வலுவும் உடல் எடையும் உள்ள நாயின் முதல் பிழையே ஓர் உயிரைக் கொண்டுபோகக்கூடும். இனி வரப்போகும் நாய்களின் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்துவது ஒரு கொள்கை முடிவு. மன்றத்தில் விவாதித்து எடுக்கலாம். ஏற்கெனவே ஒரு குடும்பத்தோடு வாழும் குறிப்பிட்ட ஒரு நாயை ‘ஆபத்தானது’ என்று அறிவிப்பது கொள்கை முடிவு அன்று, அது தீர்ப்பு. தீர்ப்புக்குச் சாட்சியம் வேண்டும், எதிர்வாதம் வேண்டும், காரணம் வேண்டும். இந்த வேறுபாட்டைத்தான் நம் உள்ளாட்சிகள் அழித்துவிடுகின்றன.

வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில், இடைச்செருகல் என்று கருதப்படும் சருக்கங்களில், ஒரு நாய் ராமனின் சபைக்கு வந்து முறையிடும் கதை உண்டு. தலையில் அடிபட்ட நாய் அது. அதன் காயத்தைப் பார்த்த மாத்திரத்தில் ராமன் தண்டனை கொடுத்துவிடவில்லை. அடித்தவனை வரவழைத்து, ஏன் அடித்தாய் என்று கேட்ட பிறகே மேலே செல்கிறான். வாதி நாயாக இருந்தபோதும் பிரதிவாதியைக் கேட்டார்கள். இப்போது பிரதிவாதி நாய் என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

வெளிநாடுகள் இந்தத் தவற்றைச் செய்து, அடிபட்டுக் கற்றுக்கொண்டவை. பிரிட்டன் 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டம் கொண்டுவந்து நான்கு வகை நாய்களைத் தடை செய்தது. மறு ஆண்டு லண்டனில் டெம்ப்சி என்ற பிட்புல் நாய், உடல்நலமின்றி இருந்ததால் ஒருவர் அதன் வாய்ப்பூட்டைச் சற்று நேரம் கழற்றினார் என்பதற்காகக் கொல்லப்பட உத்தரவானது. மூன்று ஆண்டு வழக்கு நடந்து, 1995இல்தான் உயர் நீதிமன்றம் அதை விடுவித்தது. முதல் விசாரணை பற்றி உரிமையாளருக்குத் தகவலே தரப்படவில்லை என்பது அங்கே தெரியவந்தது. 1997இல் சட்டம் திருத்தப்பட்டு, தடை செய்யப்பட்ட நாயைக் கொல்வதா, நிபந்தனைகளோடு விடுவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றங்களுக்குக் கிடைத்தது. அப்படியும் பெல்ஃபாஸ்ட் நகர மன்றம், யாரையும் கடித்ததாகச் சொல்லப்படாத லெனாக்ஸ் என்ற வீட்டு நாயை 2010இல் பறிமுதல் செய்து, 2012 ஜூலையில் கொன்றது. குடும்பம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி காட்டுகிறது. நாயை ஆபத்தானதாக அறிவிக்க எண்ணுகிறோம் என்று நகர மன்றம் முதலில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; ஆட்சேபணைக்கு ஏழு நாள் அவகாசம்; அறிவித்த பிறகும் நீதிமன்றத்துக்குச் செல்ல 28 நாள். இடைப்பட்ட காலத்தில் நாய் வாய்ப்பூட்டும் சங்கிலியும் இல்லாமல் வெளியே வர முடியாது. குழந்தைக்கும் பாதுகாப்பு, குடும்பத்துக்கும் நியாயம்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவாக இருக்கிறது. தம் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளரின் பொறுப்பை இது சொல்கிறது. நாயை என்ன செய்வது, யார் முடிவு செய்வது என்பதைச் சொல்லவில்லை. தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை அதே இடத்தில் விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் விடக்கூடாது என்றது. ‘ஆக்ரோஷம்’ எது என்று அந்த ஆணை வரையறுக்கவில்லை. வரையறை இல்லாத இடத்தில் பணியாளரின் பேனாதான் வரையறை.

பொருளியல் ஆசிரியன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரொனால்டு கோஸ் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அடுத்தவர் பயிரை மேயும் மாடுகளைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். பத்தாண்டு கழித்து கைடோ கலப்ரேசி, விபத்துகளைப் பற்றிய தம் நூலில் கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார்: விபத்தை மிகக் குறைந்த செலவில் தவிர்க்கக்கூடியவர் யாரோ, பொறுப்பை அவர்மேல் வை. அந்தச் சிறுவன் விஷயத்தில் அவர் என் மாணவர், சந்தேகமே இல்லை. கதவைத் திறந்து போட்டது அவர் தவறு. அதை அவரிடமே சொன்னேன். ஆனால் தவறு கதவில் இருக்கும்போது நாயை வெளியேற்றினால், கதவு திறந்தபடியேதான் இருக்கும். நாளை அந்த வீட்டுக்கு வேறொரு நாய் வரும். அதுமட்டுமல்ல. புகார் வந்தாலே நாய் போய்விடும் என்றால் எவரும் உரிமம் எடுக்க முன்வர மாட்டார்கள். உரிமம் எடுத்தவரின் முகவரிதானே அலுவலகத்துக்குத் தெரியும்? உரிமமும் மைக்ரோசிப்பும் தகவல் திரட்டும் கருவிகள். அவற்றைத் தண்டனைப் பட்டியலாக மாற்றினால் தகவல் வற்றிப்போகும். தடுப்பூசி போடாத நாய்கள் மாடிகளிலும் கொல்லைகளிலும் மறைந்து வாழும்.

இன்னொன்று. இத்தகைய ஆணையை எதிர்க்க இன்று இருக்கும் உறுதியான வழி, அரசமைப்பின் 226ஆவது கூறின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வெளிநாட்டு நாயை லட்சங்கள் கொடுத்து வாங்கியவருக்கு அது பெரிய காரியமில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் ஒரு நாட்டு நாய்க்காக எழுபத்தைந்து கிலோமீட்டர் பயணம் செய்து வழக்கறிஞரை அமர்த்துவாரா? இரண்டு நாள் தறி நின்றால் அந்த வாரக் கூலி போயிற்று. ஆபத்து அதிகமான நாய்கள் வழக்கறிஞர்களின் துணையோடு தங்கிவிடும். ஆபத்து குறைந்தவை வெளியேறும். எந்தக் கொள்கை வகுப்பாளரும் விரும்பியிருக்க முடியாத விளைவு இது.

எங்கள் ஊர் நெசவுத் தெருக்களில் தெரு என்பது வெறும் பாதையன்று, தொழிற்கூடம். விடியற்காலையில் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டுவார்கள். ஒரு நாய் குறுக்கே ஓடினால் எத்தனையோ இழைகள் அறும். என் தந்தையார் தறி நெய்தவர். பாவு நீட்டும் நாளில் அண்டை வீட்டார் தங்கள் நாயைக் கொல்லையில் கட்டிவைப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வெறிநாய்க்கடிக்குப் பச்சிலை அரைத்துக் கட்டி உயிரைவிட்டவர்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள். ஆனால் எந்த நாய், எந்த நேரம், எந்தத் தெரு என்பதைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரம் உள்பட, வளர்ந்துவரும் நம் நகரங்கள் எல்லாவற்றுக்கும் அரசு ஒரு பொது விதியை வகுப்பது கடினமன்று. புகார் வந்த அன்றே, விசாரணைக்குக் காத்திராமல், வாய்ப்பூட்டும் வீட்டுக்காவலும் கட்டாயம். இதில் நாயின் உரிமையாளருக்குச் சலுகை வேண்டாம். பிறகு கால்நடை மருத்துவரின் எழுத்துமூலமான அறிக்கை, கடிபட்டவரின் வாக்குமூலம், உரிமையாளரின் பதில். காரணங்களோடு ஆணை. மாவட்ட அளவிலேயே மேல்முறையீடு; தாசில்தார் ஆணைக்குக் கோட்டாட்சியரிடம் செல்வதில்லையா, அதுபோல. பலமுறை எச்சரித்தும் அடங்காத உரிமையாளருக்கு நாய் வளர்க்கும் தகுதியையே பறிக்கலாம். ஆண்டுதோறும் உரிமக் கட்டணத்தோடு ஒரு சிறிய காப்பீட்டுத் தொகையையும் வசூலித்தால், கடிபட்டவரின் சிகிச்சைச் செலவு நாய் வளர்ப்போரின் பொறுப்பாகவே நிற்கும். பெரிய நாய்க்குப் பெரிய தொகை.

மாணவருக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுத உதவினேன். எந்தப் பிரிவின்கீழ் இந்த ஆணை, நேரில் விசாரிக்க எந்த நாள், கால்நடை மருத்துவ அறிக்கை எங்கே என்று மூன்றே கேள்விகள். நாயின் காது கேளாமை பற்றிய மருத்துவச் சான்றையும், தாழிட்ட கதவின் புகைப்படத்தையும் இணைத்தோம். சிறுவனின் தாயும் கடிதத்தின் அடியில் கையெழுத்திட்டார். அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். ஏழு நாள் கெடு கடந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. நாய் வாய்ப்பூட்டோடு பின்கட்டில் இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆன செலவு, கூலியும் சேர்த்து, 350 ரூபாய்.