கல்லூரி நடத்தவும் படிக்க வேண்டும்

அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற வேண்டுமானால், டிஎன்பிஎஸ்சி நடத்தும் துறைத் தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். கணக்குத் தேர்வு அவற்றில் ஒன்று. பாடம் நடத்துவதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை எழுதாமல் அந்த நாற்காலி கிடையாது. கல்லூரி முதல்வருக்கு யுஜிசியின் 2018 விதிமுறைகள் கேட்பவை வேறு: முனைவர் பட்டம், 15 ஆண்டு அனுபவம், குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண். வரவு செலவுக் கணக்கைப் பார்க்கத் தெரியுமா, பணி விதிகள் தெரியுமா என்ற கேள்வி அதில் இல்லை.

உடுமலைப்பேட்டையில் இருந்து பார்த்தால் இதன் விளைவு நன்றாகவே தெரியும். அரசுக் கலைக் கல்லூரி, ஸ்ரீ ஜி.வி.ஜி. விசாலாட்சி பெண்கள் கல்லூரி, அண்மையில் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி என்று ஒரு வட்டத் தலைநகரிலேயே இத்தனை இருக்கின்றன. பொள்ளாச்சி, பல்லடம், கோவை என்று போனால் சாலைக்குச் சாலை கல்லூரிப் பேருந்துதான். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் அது 28.4. பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்துவிட்டோம். வாசலுக்கு உள்ளே நிர்வாகம் செய்ய யாரையும் தயார் செய்யவில்லை.

சேர்க்கைக் காலத்தில் ஒரு முதல்வரின் மேசையைப் பாருங்கள். மொத்தம் 69 சதவீத இடஒதுக்கீடு. அதில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். 60 இடங்கள் உள்ள பாடப்பிரிவில் இது கணக்குப்படி ஓர் இடம்கூட வராது, 0.6 தான் வரும். குருமலையிலிருந்தும் குழிப்பட்டியிலிருந்தும் மலையிறங்கி வரும் பிள்ளைகள் உள்ள வட்டம் இது. அந்தப் பின்னத்தை எப்படி எடுத்துக்கொள்வது, சாதிச் சான்று கைக்கு வரத் தாமதமானால் இடத்தை நிறுத்திவைக்கலாமா, வங்கிக் கணக்கில் ஆதார் இணையாததால் நின்றுபோன உதவித்தொகைக்கு யாருக்கு எழுதுவது? விடை தெரியாத முதல்வர் “அடுத்த வாரம் வாம்மா” என்பார். மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு அந்த அடுத்த வாரம் வராமலே போகலாம்.

அதே மேசையில் கருவூலத்துக்குப் போக வேண்டிய சம்பளப் பட்டியல் இருக்கும். கௌரவ விரிவுரையாளர்களின் தொகுப்பூதியக் கோப்பு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கான விவரப் பதிவு, நாக் தர மதிப்பீட்டு அறிக்கை, பழைய தணிக்கை ஆட்சேபனைகள் எல்லாம் காத்திருக்கும். இவற்றின் சூட்சுமம் தெரிந்தவர் பெரும்பாலும் அலுவலகக் கண்காணிப்பாளர்தான். அவர் காட்டும் இடத்தில் முதல்வர் கையெழுத்துப் போடுகிறார். தணிக்கை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். நிரந்தர முதல்வர் இல்லாமல் ‘பொறுப்பு முதல்வர்’ வைத்து ஓட்டும் கல்லூரிகளில் நிலைமை இன்னும் மோசம். தன் வகுப்பையும் விடாமல், அதிகாரமும் முழுதாக இல்லாமல் ஒரு பேராசிரியர் அங்கே தவிக்கிறார். வேதியியலிலோ வரலாற்றிலோ முப்பது ஆண்டு உழைத்தவரை இப்படித் திணற விடுவது அவருக்கும் நல்லதில்லை, கல்லூரிக்கும் நல்லதில்லை.

கல்வி நிர்வாகத்தைத் தனிப் படிப்பாக உலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஜி. ஸ்டான்லி ஹால் 1893-லேயே உயர்கல்வி பற்றிய பாடத்தைத் தொடங்கினார். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலையும் முனைவர் பட்டமும் இத்துறையில் உண்டு. டெல்லியில் 1962-ல் யுனெஸ்கோவின் ஆசிய மையமாகத் தொடங்கிய நிறுவனமே இன்றைய தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம். இக்னோ அஞ்சல் வழியில் பட்டயம் தருகிறது. 2018-ல் மத்திய அரசு ‘லீப்’ என்ற மூன்று வாரத் தலைமைப் பயிற்சியைக் கொண்டுவந்தது. பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சி மையத்திலும் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. மூன்று வாரத்தில் ஒரு கல்லூரியின் நிதியும் சட்டமும் மனிதர்களும் பிடிபடுமா?

கொங்கு மண்ணில் உடனே ஒரு பதில் வரும். கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930-ல் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம் வழக்கறிஞர்; பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியை வளர்த்தெடுத்து, பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான ஜி.ஆர். தாமோதரன் பொறியாளர்; இவர்கள் எந்த நிர்வாகப் படிப்பு படித்தார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் தாங்கள் எழுப்பிய நிறுவனத்தைத் தாங்களே நடத்தியவர்கள். முடிவெடுக்கும் உரிமையும் பல ஆண்டு அவகாசமும் அவர்கள் கையில் இருந்தன. இன்றைய முதல்வருக்கு யுஜிசி விதிப்படி ஐந்தாண்டுதான் பதவிக்காலம், நீட்டித்தால் இன்னோர் ஐந்து. பட்டறிந்து கற்பதற்குள் காலம் முடிந்துவிடும்.

துணைவேந்தர் பதவிக்கு ஆசிரியப் பணியில் இல்லாத தொழில்துறையினரும் வரலாம் என்று யுஜிசி 2025 ஜனவரியில் வரைவு வெளியிட்டது. அதே மாதம் 9-ஆம் தேதி தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த எதிர்ப்பு சரியே; கல்லூரியைப் பஞ்சாலை போல நடத்த முடியாது. ஆனால் ‘ஆசிரியர்களுக்கு நிர்வாகம் தெரியாது’ என்ற பேச்சுக்கு எதிர்ப்புத் தீர்மானம் மட்டும் விடையாகிவிடுமா? நிர்வாகம் தெரிந்த ஆசிரியர்களை நாமே உருவாக்கிக் காட்ட வேண்டும்.

படிப்பு நேர்மையைத் தந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரே பணி நியமன லஞ்சப் புகாரில் 2018 பிப்ரவரியில் கைதானதை இந்தப் பகுதி மறக்கவில்லை. 2022 அக்டோபரில் அடுத்தவரின் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஆண்டுக்கணக்கில் துணைவேந்தர் இல்லாமல் ஒரு குழுதான் பல்கலைக்கழகத்தை நடத்திவந்தது. மேலே உள்ள நாற்காலி தடுமாறும்போதெல்லாம் தாங்கிப் பிடிக்க வேண்டியவர்கள் பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கல்லூரி முதல்வர்கள் என்ற இரண்டாம் வரிசையினர். விதி தெரிந்தவர்தான் தவறான கோப்பை ‘இது கூடாது’ என்று எழுதித் திருப்பி அனுப்ப முடியும்.

கல்வி நிர்வாகத்துக்கான இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு கோவையில் வர வேண்டும். வார இறுதி வகுப்புகளாக, தமிழில் நடக்க வேண்டும். நாற்பது வயதை எட்டிய ஆசிரியர்களோடு அலுவலகக் கண்காணிப்பாளர்களும் அதே வகுப்பில் உட்கார வேண்டும். ஆசிரியருக்கு விதியும், அலுவலருக்கு மாணவர் மனமும் அங்கேதான் பிடிபடும். பாதிப் படிப்பு இன்னொரு கல்லூரியின் அலுவலகத்தில், உண்மையான கோப்புகளோடு இருக்கட்டும். அஞ்சலில் பணம் கட்டி வாங்கும் இன்னொரு சான்றிதழாக மட்டும் இது ஆகிவிடக் கூடாது. நாக் மதிப்பீட்டின் 1,000 மதிப்பெண்ணில் 100, நிர்வாகத்துக்கும் தலைமைக்கும் உரியது. அதற்காக ஆண்டுதோறும் ஆவணம் தயாரிக்கும் கல்லூரிகள், தங்கள் ஆசிரியர் இருவரை இந்தப் படிப்புக்கு அனுப்பிவைக்கலாம்.

முதல்வர் தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டு என்று உயர்கல்வித் துறை ஓர் அரசாணை போடட்டும். முதல் வகுப்புக்கு முப்பது பேர் போதும். அடுத்த கல்வியாண்டிலேயே பாரதியார் பல்கலைக்கழகம் இதைத் தொடங்க வேண்டும்.