ஃபோமட் அடிக்கிறதுக்கு முதல்

லப்டொப் மெதுவா வேலை செய்யுதா? ஃபோமட் அடி. வைரஸ் வந்திட்டுதா? ஃபோமட் அடி. விண்டோஸ் திறக்குதில்லையா? அதுக்கும் அதுதான். காய்ச்சல், தலையிடி எல்லாத்துக்கும் பனடோல் மாதிரி, எங்கட பக்கம் கொம்பியூட்டருக்கு இருக்கிற ஒரே மருந்து இது.

2025 ஒக்ரோபர் 14இல் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொஃப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய மெஷின்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. ஆகவே ஒன்றில் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று மாறவேணும், இல்லாட்டி மெஷினைக் கைமாற்றவேணும். எப்படியும் நிறைய ஹாட் டிஸ்க்குகள் துடைக்கப்படப் போகின்றன.

நான் ஃபோமட்டுக்கு எதிரி இல்லை. மோசமான வைரஸ் புகுந்த மெஷினுக்கு முழுக்கத் துடைத்து ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடுவதுதான் நம்பிக்கையான வழி. என் குறை வேற. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். காக்கவேண்டியதை அழிக்கிறோம், அழிக்கவேண்டியதை அழிக்காமல் அடுத்தவன் கையில் கொடுக்கிறோம்.

முதலாவதைப் பார்ப்போம். சுருவில், நாரந்தனைப் பக்கத்து வீட்டுக் கொம்பியூட்டர் ஒன்றில் என்ன இருக்கும்? காணி உறுதியின் ஸ்கேன், பிறப்புப் பதிவு, கனடாவில் இருக்கிற மாமா அனுப்பின பழைய கலியாணப் படம், அம்மம்மா கதைச்ச வீடியோ. தீவுப்பகுதிச் சனம் 1990களின் தொடக்கத்தில் வீடுகளை விட்டு வெளிக்கிட்டபோது அல்பங்களையும் பெட்டகங்களையும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. பிறகு சொந்தக்காரரிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது பல வீடுகளில் இன்றைக்கு ஒரே ஒரு டிஸ்க்கில் கிடக்கிறது.

பண்ணைப் பாலம் தாண்டிக் கடைக்குக் கொண்டுபோனால், "டேட்டா ஏதும் வேணுமோ?" என்று கேட்பார்கள். கொண்டுபோனது வீட்டில் இளசு யாராவதாக இருக்கும். "டெஸ்க்டொப்பில கொஞ்சம் கிடக்கு, சி டிரைவை மட்டும் அடியுங்கோ" என்று சொல்லிவிட்டு வருவார். டெஸ்க்டொப், டொகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வழக்கமாக இருக்கிறதே சி டிரைவில்தான். அதை அடித்து, மேல புது விண்டோஸின் பல ஜிபி ஏறிவிட்டால், அது எழுதப்பட்ட இடத்தில் இருந்த படத்தை எந்த மீட்பு மென்பொருளாலும் எடுக்க ஏலாது.

பெரிய இடங்களும் இதில் பிழைவிட்டிருக்கின்றன. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சல் சேவை ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அந்த வருஷம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கு வேறு பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை.

"கூகிளில இருக்குத்தானே" என்பவர்களுக்கு: இலவச இடம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலையும் படங்களையும் சேர்த்து. இரண்டு வருஷம் பாவிக்காத கணக்கை அழிக்கலாம் என்பதும் கூகிளின் விதி. கணக்குக்குச் சொந்தக்காரர் செத்துப்போன வீடுகள் இதை யோசிக்கவேணும்.

இரண்டாவது, மெஷினை விற்கும்போது. விரைவு ஃபோமட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிற வேலை. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். எம்ஐடியில் இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பாவித்த ஹாட் டிஸ்க்குகள் 158ஐ வாங்கிச் சோதித்து 2003இல் எழுதினார்கள். வேலைசெய்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டும். மற்றவற்றில் கடன் அட்டை இலக்கங்கள், மருத்துவத் தகவல்கள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் கிடந்தன.

எங்கட டிஸ்க்குகளில் அடையாள அட்டை, பாஸ்போட், வங்கிப் புத்தகம் இருக்கும். பெண்பிள்ளைகளின் படங்களும் இருக்கும். அது தெரியாத ஒருவன் கையில் போனால் முதல் கேள்வி அவனிடம் கேட்கப்படாது, "நீ ஏன் எடுத்தனி?" என்று பிள்ளையிடம்தான் கேட்கப்படும். ஆகவே இது தொழில்நுட்ப விசயம் மட்டும் இல்லை.

கைமாற்றுகிற மெஷினை விண்டோஸிலேயே ரீசெட் செய்யலாம். அதில் எல்லாவற்றையும் அகற்றுவதோடு டிரைவைச் சுத்தம் செய்கிற தெரிவையும் சேர்த்துப் போடவேணும். பழைய வகை ஹாட் டிஸ்க்கென்றால், விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸின் முழு ஃபோமட் டிஸ்க் முழுக்கப் பூச்சியம் எழுதும், மணிக்கணக்காகும், ஆகட்டும். எஸ்எஸ்டிக்கு அதைச் செய்த நிறுவனத்தின் அழிப்புக் கருவியே நல்லது. ஒன்றும் ஏலாதென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் விற்கலாம்.

1981இல் யாழ். நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 2005இல் தொடங்கின நூலகம் எண்ணிமத் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்து வருகிறது. ஆனால் எங்கட வீட்டு அல்பத்தை ஆர் சேர்ப்பது? நூலகத்தை எரித்தவர்களைக் கோவிக்கலாம். ஃபோமட் அடித்ததற்கு ஆரைக் கோவிக்கிறது?

வீட்டில் கொம்பியூட்டர் வேலை எங்களுடையது. அப்ப பொறுப்பும் எங்களுடையதுதான். அடிக்க முதல் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் இருத்தி ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுங்கோ. இரண்டு பிரதி எடுங்கோ. ஒன்று வேற வீட்டில் இருக்கட்டும். படத்தில் நிற்கிறது ஆர், எந்த வருஷம் என்று கேட்டு ஃபைலின் பெயரிலேயே எழுதுங்கோ. சொல்லக்கூடியவர்கள் இப்ப இருக்கினம். அதுக்குப் பிறகு தாராளமாக ஃபோமட் அடிக்கலாம்.