ஆம்புலன்ஸ் வெறும் வண்டியல்ல

சென்ற மார்கழியில் ஒரு நள்ளிரவு. மயூர் விஹாரில் எங்கள் மாடி வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறல். மகனுடன் நாலு மாதம் இருந்துவிட்டுப் போகலாமென்று கும்பகோணத்திலிருந்து வந்தவர். "ஆம்புலன்ஸ் எப்போது வருமோ, நாமே போய்விடலாம் சார்" என்றார் மகன். காரின் பின் இருக்கையில் படுக்க வைத்துக் கொண்டு விரைந்தோம். பெரியவர் பிழைத்தார், ஆனால் ஐந்து நாள் வென்டிலேட்டரில். "ஏன் படுக்க வைத்தீர்கள்? ஆம்புலன்ஸுக்கு ஏன் சொல்லவில்லை?" என்று டாக்டர் கேட்டபோது எங்களிடம் பதிலில்லை.

நம்மில் பலருக்கு ஆம்புலன்ஸ் என்பது சைரன் வைத்த டாக்ஸிதான். அது தவறு. இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்துக் கொண்டவரைப் படுக்க வைத்தால் திணறல் கூடும். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். முகத்தில் இறுகப் பொருந்தும் மாஸ்க் வழியே விடாத அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் 'சிபாப்' முறை, நுரையீரலின் காற்றறைகள் மூடிக் கொள்ளாமல் காக்கிறது. தொண்டையில் குழாய் இறக்காமலே பலர் தேறுகிறார்கள். பல நாடுகளில் பாராமெடிக்குகள் இதை நோயாளியின் வீட்டிலேயே தொடங்கி விடுகிறார்கள்.

ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் போதாதா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கருதப்பட்ட 405 பேரிடம் பாராமெடிக்குகள் நடத்திய ஆய்வு 2010ல் வெளியானது. ஆக்சிஜனைத் தாராளமாகப் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தனர். அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதமே. ஆக, வேண்டியது சிலிண்டர் மட்டுமல்ல, பயிற்சி பெற்ற கை.

வண்டி தாமதமாகும் என்ற பயம் நியாயமானதே. ஆனாலும் முதலில் 112க்குப் போன் செய்யுங்கள். மூச்சுத் திணறல் என்று சொல்லி, வென்டிலேட்டர் உள்ள வண்டியைக் கேளுங்கள். எவ்வளவு நேரமாகும் என்றும் கேளுங்கள். அதிக நேரமென்றால் மட்டும், நோயாளியை உட்கார்ந்த நிலையிலேயே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பகலில் பிள்ளைகள் ஆபீஸ் போனபின், வீட்டில் இருப்பவர் தமிழ் மட்டுமே அறிந்த அம்மாவோ அப்பாவோதான். "ஸான்ஸ் நஹீ ஆ ரஹீ ஹை" என்ற ஐந்து வார்த்தையையும் வீட்டு முகவரியையும், ஹிந்தியில் சொல்ல வேண்டியபடி தமிழ் எழுத்தில் எழுதிப் போனருகே ஒட்டி வையுங்கள்.

நம் சங்கம் பொங்கல் விழாவோடு நின்றுவிடலாகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரை அழைத்து இதைப் பெரியவர்களுக்குக் கற்றுத் தரட்டும். பெரிய ஆம்புலன்ஸ்கள் எல்லாவற்றிலும் சிபாப் கருவியும், அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டுமென்று அரசுக்கு மனுவும் கொடுக்கட்டும். அடுத்த மார்கழிக்குள் செய்வோமா?